பட்டிப்பளை ஆற்றின் பெயர்களைத் தேடி: புளியந்தீவில் இருந்து களியோடை வரை

வெள்ளிக்கிழமை, புளியந்தீவு

மட்டக்களப்பு என்ற பெயரை முதலில் தாங்கியது நீர்தான். ஊருக்கு அது பிறகு வந்தது. கடலோடு தொடுப்புள்ள, ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பை எங்கள் பக்கத்தில் களப்பு என்போம். அதற்கு முன்னால் நிற்கும் ‘மட்டு’க்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். மட்டமான, ஆழங்குறைந்த களப்பு என்பார்கள் சிலர். நிலத்துக்கு எல்லையாக நின்று மட்டுக்கட்டும் களப்பு என்பார்கள் வேறு சிலர். சிங்களத்தில் மடகளப்புவ. அங்கே ‘மட’ என்றால் சேறு. 1602இல் ஒல்லாந்துத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் இங்கே கரையிறங்கியபோது அவருடைய பயணக் குறிப்பில் ‘மட்டெக்கலோ’ என்றுதான் பதிந்தார்கள். பின்னால் வந்தவர்களின் வாயில் ‘ம’ போய் ‘ப’ ஏறி பட்டிக்கலோ ஆயிற்று. ஆங்கிலப் பலகைகளில் இன்றைக்கும் அந்தப் ‘ப’தான்.

நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். இலங்கைப் படத்தில் ஆறுகளைக் குறிக்கச் சொன்னால் பிள்ளைகள் கிழக்கில் ‘கல் ஓயா’ என்று சரியாகக் குறிக்கிறார்கள். அதே ஆற்றை அவர்களுடைய அப்பப்பாமார் பட்டிப்பளை ஆறு என்று சொன்னார்கள் என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயர் இன்னும் எங்கெங்கே உயிரோடு இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தத் தவணை விடுமுறையில் கிளம்பியிருக்கிறேன். சின்னம்மாவின் மகன், என் தம்பி, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். நான் பின்னால், கொப்பியோடு. வாவிக்கரை வழியே தெற்கே போய், மேற்கே திரும்பி அணைக்கட்டு வரை ஏறி, அங்கிருந்து ஆற்றோடு கடலுக்கு இறங்குவதாகத் திட்டம். அன்றன்றைக்குக் கண்டதை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

இன்று பட்டணத்தில்தான் நின்றோம். கோட்டை இருக்கும் இந்தத் தீவின் பழைய பெயர் புளியந்தீவு. ஊர்க்காரர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்து வருசத்தில், 1638 மே 18ஆம் திகதி, அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. அதே மாதம் 23ஆம் திகதி கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் ஒப்பந்தம் செய்துகொண்டதும் இங்கேதான். இலங்கையின் கரையோரம் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு யார் கையில் இருக்கும் என்பதைத் தீர்மானித்த கையெழுத்துகள் இந்த வாவிக்கரையில் விழுந்தன. கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இதற்குள்ளேதான் நடந்தது. அதனால் கிராமத்துப் பெரியவர்களுக்கு மட்டக்களப்புக்குப் போவதென்றால் கச்சேரிக்குப் போவதென்றே பொருள்.

ஆனால் மட்டக்களப்பு என்ற பெயர் முதலில் தெற்கே, சம்மாந்துறைப் பக்கத்துக்கு உரியதாக இருந்தது என்றும், கோட்டை வந்தபின் அதிகாரத்தோடு சேர்ந்து பெயரும் வடக்கே புளியந்தீவுக்கு வந்தது என்றும் ஒரு வழக்கு உண்டு. எனக்கு அது பொருந்தி வருவதாகவே படுகிறது. அதைப் பற்றித் திங்கட்கிழமை, சம்மாந்துறைக்குப் போய் எழுதுகிறேன்.

பின்னேரம் கல்லடிக்குப் போனோம். 1924இல் கட்டிய லேடி மன்னிங் பாலமும் 2013இல் திறந்த புதுப்பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ‘மீன் பாடும் தேன்நாடு’ என்ற பட்டம் மட்டக்களப்புக்கு வரக் காரணமான இடம் இது. 1848இல் எமர்சன் தெனன்ட் என்ற ஆங்கில அதிகாரி இரவில் தோணியில் போய் நீருக்கடியில் இருந்து வந்த அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். மீன்பிடிகாரர் அவருக்குச் சொன்ன விளக்கத்தில் மீனே இல்லை. ‘ஊரி’ கூவுகிறது என்றார்கள், அதாவது சிப்பி வகை. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் இந்த ஒலியை நீரரமகளிர் பாட்டாகக் கேட்டுக் கவிதை செய்தார். அவர் உடல் அடங்கியிருப்பதும் இதே கல்லடியில். நாங்கள் போன நேரம் காற்றும் வாகன இரைச்சலும் பலமாக இருந்தன. பௌர்ணமிக்குத் தோணி பிடித்துப் போனால்தான் கேட்கலாம் என்று கடலைக்காரர் சொன்னார்.

சனிக்கிழமை, படுவான்கரை

வாவி ஏறாவூர்ப் பக்கத்தில் இருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதற்குக் கிழக்கே, கடலோடு ஒட்டிய ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. சூரியன் எழும் பக்கமும் படும் பக்கமும். இந்த இரண்டு பெயரையும் எந்த அரசாங்கமும் வைக்கவில்லை. ஆனாலும் ‘எந்தப் பக்கம் நீங்க?’ என்று கேட்டால் மட்டக்களப்பான் முதலில் சொல்வது இதைத்தான்.

முன்பெல்லாம் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். (பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) யுத்த காலத்தில் அந்தத் துறையில் பரிசோதனைக்காக வெயிலில் நின்ற நாட்களை அம்மா இன்னும் சொல்வார். 2014இல் பாலம் வந்தது. இன்று நாங்கள் நிற்காமலே கடந்துவிட்டோம். மண்முனை என்றதும் உலகநாச்சியின் கதை வரும். கலிங்கத்தில் இருந்து வந்தவள், மன்னனிடம் நிலம் பெற்று இங்கே இருந்து ஆண்டவள் என்று மட்டக்களப்பின் மரபுக் கதைகள் சொல்கின்றன. ஒரு பெண் நிறுத்திய ஊராக மண்முனையைச் சொல்லும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பிலும் சொல்வேன்.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீச்சரரைக் கும்பிட்டோம். கொக்கட்டி மரச் சோலைக்குள் தானாகத் தோன்றிய லிங்கம். பறங்கியர் வந்து கேலி செய்தபோது கல்நந்தி எழும்பிப் புல் தின்றதாகச் சொல்வார்கள். வெளியே வந்து கொஞ்சத் தூரத்தில்தான் நான் பார்க்க வந்த பலகை. மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகம், பட்டிப்பளை.

ஆறு இருப்பது இங்கிருந்து நெடுந்தூரம் தெற்கே, வேறு மாவட்டத்தில். ஆற்றில் இருந்து அழிந்த பெயர் இந்தப் பிரதேசத்தின் பலகையில் இருக்கிறது. கடிதத் தலைப்புகளில் இருக்கிறது, பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் இருக்கிறது. செயலக வாசலில் நிழலுக்கு நின்ற ஒரு போடியாரிடம் (வயற்காணிச் சொந்தக்காரர்) இதைக் கேட்டேன். எண்பதைத் தொடும் வயது.

“பட்டி எண்டா மாட்டுப்பட்டி, மகள். எங்கட ஆக்கள் மாரியில பட்டிய மேட்டுக்கு ஏத்துவாங்க, கோடையில தண்ணியத் தேடி ஆத்தடிக்கு இறக்குவாங்க. பட்டி இருந்த இடம் பட்டிருப்பு. பட்டி போன ஆறு பட்டிப்பளை ஆறு. மறுகா வேற என்ன பேர் வெப்பாங்க?”

சொல்லாராய்ச்சிக்காரர் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ. அவர் மனதில் ஓர் ஆற்றின் பெயரும் ஒரு பிரதேசத்தின் பெயரும் ஒரே மாட்டுத்தடத்தில் கிடக்கின்றன. வாவியின் மேற்கே இருந்து தெற்கே ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை பட்டிகள் நடந்த காலத்தில் இடையில் மாவட்ட எல்லை இல்லை என்பதையும் அவர் பேச்சு எனக்குக் காட்டியது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்து தங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை, மண்டூர், நாவிதன்வெளி

குருமண்வெளித் துறையில் பாதை இன்னும் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மண்டூருக்குப் போனோம். மண்டூர் முருகனைச் சின்னக்கதிர்காமம் என்பார்கள். கதிர்காமம் போலவே இங்கும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிறார். ஆவணித் திருவிழாவுக்குக் கோயில் வெள்ளையடித்துத் தயாராகிக்கொண்டிருந்தது.

கோயில் வீதியில் உட்கார்ந்து பழைய நிர்வாகப் பிரிவுகளைக் கொப்பியில் எழுதினேன். வடக்கில் இருந்து தெற்காக: கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று, எருவில்பற்று, கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று. எல்லாம் சேர்ந்ததுதான் மட்டக்களப்பு. வன்னிமைகள் என்ற தலைவர்கள் ஆண்ட பற்றுகள் இவை. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பெயர்களை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றைய பிரதேச செயலகங்கள் பலவற்றின் தலையில் இந்தப் பற்றுகள் இன்னும் இருக்கின்றன. அக்கரைப்பற்று என்றதும் பலர் ஊரைத்தான் நினைப்பார்கள். அது ஒரு பற்று முழுவதன் பெயர். எந்த ஆற்றுக்கு அக்கரை என்பது இந்தப் பயணத்தின் கேள்விகளில் ஒன்று.

மண்டூரில் இருந்து தெற்கே வயலுக்குள் ஓடும் வீதியில் ஓர் இடத்தில் மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. பலகை இல்லாவிட்டால் தெரியாது. வயல் அதே வயல், வாய்க்கால் அதே வாய்க்கால். 1961 ஏப்ரலில் இந்தக் கோடு விழுந்தது. வீடு ஒரு மாவட்டத்திலும் வயல் மற்ற மாவட்டத்திலும் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. உர மானியத்துக்கு ஒரு கந்தோர், குடும்ப அட்டைக்கு வேறொரு கந்தோர்.

நாவிதன்வெளியில் அம்மாவின் அண்ணன் இருக்கிறார். சிறுபோக வெட்டு நடக்கிறது. மெசின் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போக, கொக்குகள் பின்னால் இறங்குகின்றன. மாமி எருமைத் தயிரும் சீனியும் தந்தார். மாமாவிடம் ஆற்றின் பெயரைக் கேட்டேன்.

“எனக்குக் கல்லோயாத் தண்ணிதான் தெரியும் புள்ள. இடதுகரை வாய்க்கால் வந்த பிறகுதான் இந்த வட்டையில ரெண்டு போகம் செய்யிற. அதுக்கு முன்ன மாரி மழைய நம்பித்தான் விதைப்பு.”

இதை அப்படியே எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். பட்டிப்பளை என்ற பெயர் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பெயரை மூடிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் நீரில்தான் எங்கள் மாமாவின் பிள்ளைகள் படித்தார்கள், என் அம்மாவின் சீதனக் காணியும் விளைந்தது. அவருக்குக் கல்லோயா என்பது நன்றியோடு சொல்லும் பெயர். மாரியில் கிட்டங்கித் தாம்போதி (நீரோட்டத்தைக் கடக்கும் தாழ்ந்த வீதி) மூழ்கி நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் தொடர்பு அறுந்துபோவதும் அதே பள்ளத்தாக்கின் வெள்ளத்தால்தான். அதையும் அவர் குறைசொல்லாமல், மழைக்காலத்தின் வழக்கமாகச் சொன்னார்.

திங்கட்கிழமை, சம்மாந்துறை, அம்பாறை

காரைதீவுச் சந்தியில் இருந்து மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி. இரண்டு பக்கமும் தாழ்ந்த வயல், நடுவில் வீதி. 2024 நவம்பர் வெள்ளத்தில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை நீர் அடித்துக்கொண்டு போனது இந்த வீதியில்தான். அந்த இடத்தில் இறங்கிச் சிறிது நேரம் நின்றோம். ஆற்றின் பெயரைத் தேடி வருகிறவர்கள் இந்த நீர் எடுத்த பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். தம்பி ஒன்றும் பேசவில்லை. அவன் படிப்பிக்கும் டியூஷன் வகுப்பில் அந்த வயதுப் பிள்ளைகள்தான்.

சம்மாந்துறை இன்று கடலில் இருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் பெரிய முஸ்லிம் ஊர். பெயரிலோ துறை இருக்கிறது. சம்பான் தோணிகள் வந்து கட்டிய துறை, சம்பான்துறை சம்மாந்துறையாயிற்று என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். களப்பு வழியாகத் தோணி இவ்வளவு தூரம் வந்ததென்றால் நீர் அன்றைக்கு எவ்வளவு அகலமாகக் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆறு கொண்டுவந்த வண்டல் களப்பின் தென்கோடியைத் தூர்த்து வயலாக்கியிருக்கிறது. மட்டக்களப்பின் பழைய தலைமை இடம் இங்கேதான் இருந்தது என்ற வழக்கு, இந்த நிலத்தைப் பார்த்தபின் எனக்கு இன்னும் உறுதியாகிறது. உள்நாட்டு நெல்லும் கடல்வழித் தோணியும் சந்திக்கும் இடத்தில்தான் தலைமை இருக்கும். கோட்டைக்காரருக்கு வேண்டியது பீரங்கிக் காவல். அதற்குத் தீவுதான் வசதி.

ஹோட்டலில் பக்கத்து மேசையில் இருந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். “தங்கச்சி, எங்கட மூத்தவாப்பா காலத்து உறுதியில கிழக்கு எல்லை, மேற்கு எல்லை எல்லாம் ஆறுதான். கல்லோயா எண்டு ஒரு இடத்திலயும் இல்ல.” காணி உறுதியில் எல்லை சொல்லும் பகுதியில் பட்டிப்பளை ஆறு இருப்பதாகச் சொன்னார். உறுதி மூத்த சகோதரியின் வீட்டில், இரும்புப் பெட்டிக்குள். அதன் படியை எடுத்து அனுப்புவதாக என் இலக்கத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு பிளேன்டிக்கும் அவரே காசு கொடுத்தார்.

அம்பாறைப் பட்டணத்துக்குப் பக்கத்தில் கொண்டவட்டுவான் குளம். கல்லோயாத் திட்டம் வருவதற்கு மிக முந்திய குளம் இது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூண் சாசனம் ஒன்று இந்தப் பகுதியில் கிடைத்திருக்கிறது. நான்காம் தப்புல மன்னன் காலத்தது. உழவில் தவறுபவர்களிடம் அபராதம் அறவிடுவதை அது பேசுகிறது. வாய்க்கால் துப்புரவு செய்யாதவனுக்கு இன்றைக்கும் வட்டை விதானை (வயற்பரப்புக்குப் பொறுப்பானவர்) தண்டம் எழுதுகிறார். இந்த மண்ணில் நீரோடு ஒழுங்கும் வந்திருக்கிறது, ஆயிரம் வருசத்துக்கு மேலாக.

அம்பாறை திட்டத்தோடு வளர்ந்த பட்டணம். அகன்ற வீதிகள், மணிக்கூட்டுக் கோபுரம், திணைக்களங்கள். இதைப் பற்றி அதிகம் எழுத இல்லை. தங்குவதற்கு மலிவான இடம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை, இங்கினியாகலை

ஆறு பதுளைக்குக் கிழக்கே மலைகளில் பிறந்து, 108 கிலோமீற்றர் ஓடிக் கடலில் விழுகிறது. மேலே, மலையடியில் அதற்குக் கல் ஓயா என்று பெயர். பாறைகளுக்கு நடுவே ஓடுவதால் கல் ஆறு. கீழே சமவெளிக்கு வந்து வயலும் பட்டியும் தொடங்கும் இடத்தில் பட்டிப்பளை ஆறு. ஒரே ஆற்றுக்கு மேலும் கீழும் வாழ்ந்தவர்கள் தத்தம் மொழியில், தத்தம் கண்ணால் கண்டபடி பெயர் வைத்தார்கள். இரண்டும் உண்மையான பெயர். ஒன்றுக்கு மற்றது போட்டியாக இருந்ததில்லை.

1948இல் சுதந்திரம் கிடைத்தபின் எடுத்த முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டத்துக்குத் தெரிவான இடம் இந்த இங்கினியாகலை. இரண்டு பாறை மலைகளுக்கு நடுவே ஆறு நுழையும் இடுக்கு. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாக வைத்து 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தார்கள். அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கம்பனி அணையைக் கட்டியது. முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயரால் நீர்த்தேக்கம் சேனாநாயக்க சமுத்திரம் ஆயிற்று. ஏறக்குறைய 950 மில்லியன் கனமீற்றர் நீரைத் தாங்கும். திட்டத்தின் பெயர் கல்லோயா என்று ஆனதும், மேலே வழங்கிய பெயர் வாய்க்கால்களோடு சேர்ந்து கடல் வரைக்கும் இறங்கியது. கடிதங்கள், வரைபடங்கள், சம்பளப் பட்டியல், பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் ஒரே பெயர். பட்டிப்பளை என்பது வீட்டுப் பேச்சுக்குள் ஒதுங்கியது. தமிழ் முஸ்லிம் மக்களுக்கு அது வெறும் பெயர் மாற்றமாகப் படவில்லை. மேலே புதிய குடியேற்றங்கள் வந்து, மாவட்டத்தின் சனத்தொகையே மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1956 ஜூனில், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி இந்தப் பள்ளத்தாக்கில் வன்முறை வெடித்தது. தமிழர் பலர் கொல்லப்பட்டார்கள். சுதந்திர இலங்கையின் முதலாவது பெரிய இனவன்முறைகளில் ஒன்று நடந்த மண் இது. அதை விட்டுவிட்டு இந்த ஆற்றின் கதையைச் சொல்ல முடியாது.

அணைக்கட்டில் நின்று பார்த்தால் எதிரே தண்ணீரும் அதில் மலைத்தலைகளும் மட்டுமே. 1954இல் சுற்றியுள்ள காட்டைத் தேசிய பூங்காவாக்கினார்கள். மலைத்தலைகள் இப்போது தீவுகள். யானைகள் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு நீந்திப் போகும். தோணியில் எங்களைக் கொண்டுபோனவர் சிங்களவர், நல்ல தமிழ் பேசினார். அவருடைய தாத்தா கேகாலையில் இருந்து வந்த முதல் குடியேற்றக்காரர்களில் ஒருவர். காடு வெட்டி, மலேரியாவோடும் யானையோடும் போராடியதைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறார். பட்டிப்பளை என்று நான் சொன்னதும், “ஓ, அந்தப் பேர் கரைப்பக்கத்து ஆக்கள் சொல்லுவாங்க, நெல் வாங்க வாற லொறிக்காரர்” என்றார். அவருக்கு அந்தப் பெயரில் கோபமும் இல்லை, புதுமையும் இல்லை.

யானை எதுவும் நீந்தி வரவில்லை. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு நீருக்குள் கையைக் காட்டி, “கீழ வேடர்ட ஊர்” என்றார். ஹெனெபெத்த, தனிகல என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானிடவியலாளரான செலிக்மன் தம்பதிகள் வந்து ஆராய்ந்த, இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள் வாழ்ந்த காடு இந்தப் பக்கத்துக் காடுதான். நீர் ஏறியபோது வேடர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ரத்துகல என்ற ஊரில் இன்றைக்கும் வேடர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேட்டைக்குப் போன குகைக்கும் தேன் எடுத்த பாறைக்கும் அருவிக்கும் ஒவ்வொரு பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயர்களுக்கு எந்தப் பலகையும் கிடைக்கவில்லை. பட்டிப்பளைக்காக நான் படும் கவலை, இன்று பின்னேரம் அந்தப் பெயர்கள் பக்கமும் போயிற்று.

புதன்கிழமை, களியோடை, அக்கரைப்பற்று

இங்கினியாகலையில் இருந்து வலதுகரைப் பக்கமாக இறங்கினோம். ஹிங்குரானையில் கரும்பும் சீனித் தொழிற்சாலையும். பிறகு வரிப்பத்தான்சேனைப் பக்கம் திரும்பித் தீகவாபிக்குப் போனோம். மிகப் பழைய தூபி, மகாவம்சம் சொல்லும் இடம். தீகவாபி என்றால் நீண்ட குளம். இந்தப் பக்கத்தின் பழைய பாளிப் பெயரில் இருந்துதான் திகாமடுல்ல வந்தது. அம்பாறை மாவட்டத்துக்குத் தேர்தல் வாக்குச்சீட்டில் வரும் பெயர் அதுதான். ஆக, இதே நிலத்துக்குக் கச்சேரியில் அம்பாறை, தேர்தலில் திகாமடுல்ல, பழைய பதிவுகளில் மட்டக்களப்பின் தென்பற்றுகள். பிள்ளைகளுக்கு மூன்றையும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் மற்ற இரண்டையும் மறைத்ததாகும்.

இறக்காமம் குளத்தைச் சுற்றிக்கொண்டு கரைவீதிக்கு வந்தோம். நிந்தவூரைத் தாண்டித் தெற்கே களியோடைப் பாலம். மேலே அவ்வளவு பெரிய சமுத்திரமாகத் தேங்கும் ஆறு, எத்தனையோ வாய்க்கால்களுக்குப் பிரித்துக் கொடுத்த மிச்சத்தோடு இங்கே வந்து சேர்கிறது. பாலத்துக்குக் கீழே வீச்சுவலைக்காரர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்றார். இந்த ஆற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “களியோடை.” மேலே இது எங்கே இருந்து வருகிறது? “கல்லோயாவில இருந்து.” பட்டிப்பளை என்று கேள்விப்பட்டதுண்டா? கொஞ்சம் யோசித்து, “வாப்பா சொல்லுவார்” என்றார்.

பாலத்துக்குத் தெற்கே ஒலுவில். கடலோரம் 2013இல் திறந்த துறைமுகம், அதற்கு வடக்கே கடல் அரித்த தென்னைகள். வில் என்றால் குளம். சிங்களத்திலும் வில என்றால் அதுவே. ஒலுவில், தம்பிலுவில், பொத்துவில், வடக்கே எருவில் என்று இந்தக் கரை முழுக்க வில் ஊர்கள். எந்த மொழிக்காரர் முதலில் வைத்தார் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லாத பெயர்கள் இவை. குளம் கண்ட இரண்டு சனமும் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறார்கள்.

அக்கரைப்பற்றில், ஓய்வுபெற்ற ஒரு வட்டை விதானையைப் பார்க்க ஒழுங்கு செய்திருந்தேன். பின்னேரத் தொழுகை முடிந்து வந்தவர் முற்றத்தில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்தார். “அக்கரை எண்டா எங்களுக்கு இக்கரைதானே மகள்” என்று தொடங்கினார். ஆற்றுக்கு வடக்கே நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் தெற்கே கிடந்த நிலத்தை அக்கரை என்றார்கள். இந்தப் பற்றுக்குப் பெயர் வந்ததே பட்டிப்பளை ஆற்றால்தான் என்பது அவருடைய முடிவு. பலகையில் ஆறு இல்லாவிட்டாலும், அந்த ஆறு எல்லையாக நின்ற தடம் ஊரின் பெயரில் இருக்கிறது என்றார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். அக்கரைப்பற்று என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஆற்றைத்தான் சொல்கிறோம்.

பிறகு வடிச்சல், அதாவது வயலின் மிகை நீர், போகும் வழிகளை விரலை மடக்கிச் சொன்னார். கோணாவத்தை ஆறு, சம்புக்களப்பு, தில்லையாறு, பெரியகளப்பு. எங்கே நீர் தேங்கும், எந்த மாதம் முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும், பிந்தினால் எந்த வயல் அழுகும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் முன்பு அவரைக் கூட்டிக்கொண்டுதான் வடிச்சல் பார்க்கப் போவார்களாம். இப்போது ஒருவரும் கேட்பதில்லை என்றார். நான் கேட்கிறேன் என்றேன். பேத்தியிடம் சொல்லி பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுப்பித்தார். வட்டைகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எந்த வாய்க்காலில் இருந்து தண்ணீர், யார் யார் முல்லைக்காரர் (வயல் வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்பவர்) என்று பென்சிலால் எழுதியிருந்தது. ஓரங்கள் கரையான் தின்றவை. தம்பி பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்தான். வீட்டுக்குப் போனதும் தட்டச்சு செய்து ஒரு படி அவருக்கும், ஒரு படி எங்கள் பாடசாலை நூலகத்துக்கும் கொடுக்கப் போகிறேன்.

படத்தில் தெளிவில்லாத பெயர்களை நாளைக்கு நேரே காட்டிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். காலை ஆறு மணிக்குத் தில்லையாற்றுப் பக்கம் போகிறோம். வெயில் ஏறமுன் வந்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இந்தப் பக்கத்தில் வயல் உள்ள குடும்பங்களில் பழைய காணி உறுதி வைத்திருப்பவர்கள், எல்லை சொல்லும் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் பெரிய உதவி. பட்டிப்பளை ஆறு எந்த ஆண்டு வரை உறுதிகளில் வருகிறது என்று ஒரு வரிசை எடுத்து, அதை என் வகுப்புப் பிள்ளைகளோடு படத்தில் குறிக்கலாம் என்றிருக்கிறேன்.